அறுபதைத் தாண்டிய ஓட்டக்காரருக்குப் புத்தாண்டில் எந்த இலக்கு? கொடைக்கானலிலிருந்து ஓர் ஒப்பீடு

மார்கழி பாதி ஆகப் போகிறது. விடியற்காலையில் ஏரியோரப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. ஏழு மணி வெயில் பட்டதும் புகை மாதிரி எழும்பிப் போகிறது. ஒவ்வொரு வருஷமும் இந்த வாரத்தில்தான் ஏரியைச் சுற்றி ஓடுகிற, நடக்கிற நாங்கள் ஏழெட்டுப் பேர் டீக்கடை முன்னால் நின்று, "வர்ற வருஷம் என்ன செய்யப் போறோம்?" என்று பேசிக்கொள்வோம். 44 வயதில் நான் ஓட ஆரம்பித்தபோது அதற்குப் பதில் சுலபமாக இருந்தது. போன வருஷத்தைவிடக் கொஞ்சம் தூரம், கொஞ்சம் வேகம். இப்போது எனக்கு 61. அந்தப் பதில் இனி ஒத்துவராது என்பதை உடம்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் எதை இலக்காக வைப்பது? ஐந்து வழிகளை மூன்று வாரமாக எடைபோட்டுப் பார்த்தேன். நீண்ட தூரம் ஓடியோ நடந்தோ மிதித்தோ பழகி, வயது ஏறிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

எடைபோட ஒரு தராசு வேண்டுமே. என் தராசு எங்கள் வீட்டுப் படிக்கட்டு. நாயுடுபுரத்தில் சாலையிலிருந்து 41 படி இறங்கினால்தான் எங்கள் வாசல். 58 வயதில் சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு மாரத்தான் ஓடிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை அந்த 41 படியையும் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். பழகாத உழைப்பினால் வரும் தசைவலி உடனே உச்சத்துக்குப் போகாது. ஒரு நாள் கழித்து ஏறி, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் முழுதாகத் தெரியும். இது எந்த வயதிலும் உண்டு. ஆனால் 48 வயதில் அதே வலியோடு வியாழக்கிழமை மறுபடி ஓடப் போனேன், ஒன்றும் ஆகவில்லை. 58இல் மூன்று வாரம் பொறுத்து, வலி போய்விட்டது என்று நம்பி ஓடியபோது கெண்டைக்கால் தசை கிழிந்தது. ஏழு வாரம் ஓட்டம் இல்லை. அந்த ஏழு வாரத்தில் போன பலம் திரும்பிவர ஐந்து மாதம் பிடித்தது. அதனால் இப்போதெல்லாம் எந்த இலக்கைப் பற்றியும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அதை முடித்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாயன்று இந்தப் படிகளை நேராக இறங்க முடியுமா?

வயது என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூச்சை இழுத்து உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். இதயத் துடிப்பின் உச்சமும் இறங்குகிறது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு எனக்கு 159 என்கிறது. 2001இல் வந்த, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்கு 165 என்கிறது. கையில் கட்டிய கடிகாரம் எந்தக் கணக்கை வைத்து நம்மை மிரட்டுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. தசையில் முதலில் கரைவது வேகத்துக்கான நார்கள். நிதானமாக நெடுநேரம் உழைக்கும் நார்கள் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போவதில்லை. அதாவது வேகம் முதலில் கரைகிறது, தாங்கும் திறன் பிறகுதான் கரைகிறது. இலக்கைத் தேர்ந்தெடுக்க இதைவிட உதவியான செய்தி எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் வழி, நேரத்தோடு மல்லுக்கட்டுவது. அடுத்த ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தானை 4 மணி 45 நிமிடத்தில் முடிப்பது என்று வைத்துக்கொள்வோம். இதன் கவர்ச்சி எனக்குத் தெரியும். ஒரே எண், ஒரே நாள், வென்றோமா இல்லையா என்பதில் சந்தேகமே இருக்காது. ஆனால் கொடைக்கானலில் குடியிருப்பவருக்கு இதில் இரண்டு பெரிய சிக்கல்கள். ஜனவரி மாரத்தானுக்கு 28, 30 கி.மீ. நீள ஓட்டங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழ வேண்டும். அது எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மலைப்பாதையில் மண் சரிகிறது, மரம் விழுகிறது, மூடுபனியில் பத்தடி தூரத்தில் வரும் வண்டி தெரியாது. இருட்டோடு கிளம்பலாமென்றால் காட்டுமாடு நிற்கிறது. ஊருக்குள்ளேயே, சாலை நடுவிலேயே நிற்கிறது. வெளிச்சம் வந்து, காதில் எதையும் மாட்டாமல் ஓடுவதுதான் இங்கே பத்திரம். ஆக ஒரு காலையில் ஓடக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்.

இரண்டாவது சிக்கல் வெப்பம். 2,133 மீட்டர் உயரத்தில், எட்டு பத்து டிகிரி குளிரில் பயிற்சி எடுத்துவிட்டுக் கடற்கரை ஊரின் புழுக்கத்தில் ஓட வேண்டும். உடம்பு வெப்பத்துக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். நாமோ வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஞாயிறு ஓடுகிறோம். வயதானால் வியர்வை தாமதமாகச் சுரக்கிறது, தோலுக்கு ரத்தம் ஓடுவது குறைகிறது, தாகமும் மந்தமாகிவிடுகிறது. "உயரத்துல பழகுனவங்களுக்குக் கீழே ஓடுறது லேசு" என்று எல்லாரும் சொல்வார்கள். மூச்சுக்கு அது ஓரளவு உண்மை. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஆக்சிஜன் திறன் சுமார் 1 சதவீதம் குறைகிறது, கீழே போனால் அது திரும்பக் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்த ஐந்தாறு சதவீதத்தை என்னிடமிருந்து 25ஆவது கி.மீ.க்குள் புழுக்கம் பிடுங்கிக்கொண்டது.

ஆனாலும் நேர இலக்கை வயதானவர்கள் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கனடாவின் எட் விட்லாக் 2004இல், 73 வயதில், 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் மாரத்தான் முடித்தார். 2016இல் 85 வயதில் நாலு மணி நேரத்துக்குள் முடித்தார். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள் மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடியதுதான் அவருடைய பயிற்சி. காயம் வந்தால் மாதக்கணக்கில் நிறுத்தினார். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

நேரத்தை விட மனமில்லாதவர்களுக்கு வயதுத் தர மதிப்பு என்ற கணக்கு இருக்கிறது. உங்கள் வயதில், உங்கள் பாலினத்தில் உலக அளவில் சாத்தியமான சிறந்த நேரத்தை 100 என்று வைத்து, அதில் நீங்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும். 60 வந்தால் உள்ளூரில் நல்ல ஓட்டக்காரர், 70 வட்டார அளவு, 80 தேசிய அளவு, 90 உலக அளவு என்பது பொதுவான மதிப்பீடு. 52 வயதில் என் மாரத்தான் நேரம் 4:36. 58இல் 4:58. இருபத்திரண்டு நிமிடம் போய்விட்டதே என்று எத்தனையோ இரவு மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சதவீதம். அன்றைக்குத்தான் மனது லேசானது. பாஸ்டன் மாரத்தானின் தகுதி நேரமும் இப்படித்தான் வயதோடு நகர்கிறது. 60 முதல் 64 வரை பெண்களுக்கு 4:20, ஆண்களுக்கு 3:50. அடுத்த ஐந்து வயதுக்கு அதில் பதினைந்து நிமிடம் கூடுதல். நேர இலக்கு வைப்பவர்கள் பழைய நேரத்தை விட்டுவிட்டு இந்தச் சதவீதத்தைக் காப்பாற்றுவது என்று வையுங்கள். அதையும் முழு மாரத்தானில் வைக்காமல் அரை மாரத்தானிலோ பத்து கி.மீ.யிலோ வைத்தால் செவ்வாய்க்கிழமை படி இறங்கலாம்.

இரண்டாவது வழி, ஏற்றம். எங்கள் ஊருக்கே உரிய ஒரு பாதை இருக்கிறது. பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை அடிவாரத்திலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறி வருவது. மோட்டார் சாலை வருவதற்கு முன் கொடைக்கானலுக்கு இந்தப் பக்கம்தான் வழி. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் சாமான்களும் மனிதர்களும் கூலிகளின் தலையிலும் டோலியிலும் ஏறியது இந்த மலைமுகத்தில்தான். வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் மாதிரி. போகிறவர்களும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மொத்த ஏற்றம் ஏறத்தாழ 1,700 மீட்டர். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் என் தராசில் இதன் எடை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தசை கிழிபடுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, அதுதான் இரண்டு நாள் கழித்து நொறுக்குகிறது. ஏறும்போது இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன, முட்டியில் விழும் அடி மிகக் குறைவு. கீழிருந்து மேலே ஏறி, மேலேயே வீட்டுக்குப் போய்விடுகிறவர்களுக்கு இறக்கம் என்பதே இல்லை. கொடைக்கானலில் வீடு இருப்பதன் பெரிய வசதி இது. காலையில் பஸ்ஸில் பெரியகுளம் இறங்கிவிட வேண்டியதுதான். போன தை மாதம் எங்களில் நாலு பேர் ஏறினோம். எட்டரை மணி நேரம் ஆனது. மறுநாள் கால் கனத்தது. செவ்வாயன்று படியை நேராகவே இறங்கினேன்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மழை பெய்தால் அருவிப் பக்கம் அடைத்துவிடுவார்கள், பாறை வழுக்கும், அட்டை ஏறும். மாசி பிறந்தால் காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11இல் இதே தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை இந்தப் பக்கத்து மலைக்காரர்கள் மறக்க முடியாது. தீக்காலத்தில் மலைப்பாதைகளை மூடுவது சரிதான், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆக இந்த இலக்குக்கு வருஷத்தில் ஆறேழு வாரம்தான் கதவு திறந்திருக்கும். அந்த வாரங்களில் காய்ச்சல் வந்துவிட்டால் அடுத்த வருஷம்தான்.

இன்னொன்று, இதை இலக்காக வைப்பவர்கள் முதலில் இதயத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். ஏழெட்டு மணி நேரம் துடிப்பு உயர்ந்தே நிற்கும் வேலை இது. பல பத்தாண்டுகள் நெடுந்தூரப் பயிற்சி செய்தவர்களிடம், முக்கியமாக ஆண்களிடம், இதயத் துடிப்பின் தாளம் தவறும் கோளாறு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. "நான் தினமும் ஓடுறவன், எனக்கென்ன" என்ற நினைப்பு ஆபத்து. படபடப்பு, நெஞ்சில் இறுக்கம், தலை கிறுகிறுப்பு, வழக்கமான ஏற்றத்தில் திடீரென்று மூச்சு வாங்குவது இவற்றை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். மதுரை போய் ஈ.சி.ஜி., எக்கோ, டாக்டர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு வருவதற்கு ஒரு நாள்தான் ஆகும். பெண்கள் கூடவே எலும்பு அடர்த்தியும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு கரைவது வேகமெடுக்கும்.

மூன்றாவது வழி சைக்கிள். இதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் நான் ஓட்டுவதில்லை, ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவருக்கு வயது 66, வலது முட்டி தேய்ந்துவிட்டது. பிரெவே என்ற நெடுந்தூரச் சவாரியில் 200 கி.மீ.யை, நிற்பது சாப்பிடுவது எல்லாம் சேர்த்து, 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மணிக்குச் சராசரி 15 கி.மீ. வந்தால் போதும். யாரையும் முந்த வேண்டியதில்லை, முதலிடம் என்று ஒன்று கிடையாது. 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. வேகம் போய்த் தாங்கும் திறன் மிஞ்சியிருக்கும் வயதுக்கு இதைவிடப் பொருத்தமான விதிமுறை வேறு விளையாட்டில் இல்லை என்பது என் எண்ணம். நாலும் ஒரே வருஷத்தில் முடித்தவர்கள் 1,200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸைக் கனவு காணலாம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் அது 2023க்குப் பிறகு 2027இல் வருகிறது.

மலைவாசிகளுக்கு இதில் உள்ள கஷ்டம், சவாரிகள் தொடங்குவது சமவெளியில். கீழே போனால் வத்தலக்குண்டு பக்கமிருந்து ஐம்பது கி.மீ. மலைப்பாதை ஏறித்தான் வீடு வர வேண்டும், அல்லது சைக்கிளை வண்டியில் போட்டுக்கொண்டு வர வேண்டும். சனி ஞாயிறில் சுற்றுலா வண்டிகள். சீசனில் சொல்லவே வேண்டாம். முட்டி தேய்ந்தவர்களுக்கு சைக்கிள் வரம். ஆனால் சைக்கிள் மட்டுமே ஓட்டினால் எலும்பில் தட்டு விழுவதில்லை, எலும்பு வலுப்பெறாது. கூடவே நடையும் பளுவும் வேண்டும்.

நாலாவது வழியை எங்கள் டீக்கடைக் கூட்டத்தில் நான் சொன்னபோது "அது இலக்கா? அது வேண்டுதலாச்சே" என்றார்கள். பழனி பாதயாத்திரை. நம் ஊரில் நானூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் நெடுந்தூரப் பந்தயமில்லாத பந்தயம் அது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பல நாள் நடந்து வருகின்றன. எழுபது வயதுக்காரர்கள் தோளில் காவடியோடு, பேருக்கு ஒரு துண்டு போர்த்திக்கொண்டு, நாளுக்கு இருபது முப்பது கி.மீ. நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இதயத் துடிப்புக் கடிகாரம் இல்லை. நிதானம் இருக்கிறது, சேர்ந்து நடக்க ஆள் இருக்கிறது, நின்று சாப்பிடும் இடம் முன்னோர் காலத்திலேயே தீர்மானமாகி இருக்கிறது. நெடுந்தூர விளையாட்டுக்கு வேண்டிய அறிவு மொத்தமும் அந்தக் கூட்டத்தில் நடந்து போகிறது.

என் ஓரகத்திக்கு ஒட்டன்சத்திரம். 57 வயது. பத்தொன்பது வருஷமாக நடக்கிறாள். அவளோடு போவதென்றால் திண்டுக்கல்லில் தொடங்கிப் பழனி வரை ஏறத்தாழ 60 கி.மீ., நடுவில் ஒட்டன்சத்திரத்தில் அவள் வீட்டிலேயே ராத்தங்கல். நான் முதலில் ஆசைப்பட்டது வேறு. வீட்டு வாசலிலிருந்தே கிளம்பி, பெருமாள்மலையில் பிரிந்து, மலைப்பாதையில் 64 கி.மீ. இறங்கிப் பழனி போவது. எழுதிப் பார்த்தால் அழகாக இருந்தது. என் தராசில் நிற்கவில்லை. சுமார் 1,800 மீட்டர் இறக்கம், முழுக்கத் தார்ச்சாலையில். ஏற்றத்தில் மிச்சமான தொடை இறக்கத்தில் மிஞ்சாது. சமதரையில் இரண்டு நாள் நடப்பதுதான் புத்தி.

நடையை லேசாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டத்தில் ஒரு கால் தரையை அடிக்கும் வேகத்தில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் விழும். நடையில் அது எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தசை தப்பிக்கிறது. ஆனால் இரண்டு நாளில் எழுபது எண்பதாயிரம் அடி விழும்போது தோல் மாட்டிக்கொள்கிறது. கொப்புளம், தொடை உரசல், பாதத்து எரிச்சல். வயதானால் குதிகால் அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தையும் மெலிந்துவிடும். சாலையோரம் தண்ணீரும் மோரும் பானகமும் கொடுப்பார்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கித் தலைவலியும் வாந்தியும் வரும். உப்புப் போட்ட மோரை விடக்கூடாது. இதற்கான பயிற்சியும் எங்கள் மழைக்காலத்தோடு ஒத்துப்போகிறது. மழையில் 25 கி.மீ. ஓட முடியாது, குடை பிடித்து பூம்பாறை வரை நடக்க முடியும்.

ஐந்தாவது வழி, போட்டியே இல்லாத வருஷம். நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இலக்கு. இதைப் பலர் தோற்றவர்களுக்கான வழி என்று நினைக்கிறார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. கெண்டைக்கால் கிழிந்த வருஷத்தில் மதுரையில் பார்த்த பிஸியோதெரபிஸ்ட் என்னிடம், ஓடுவதற்குக் காலை வலுப்படுத்தாமல், ஓட்டத்தாலேயே கால் வலுப்படும் என்று பதினாலு வருஷம் நம்பியிருக்கிறீர்கள் என்றார். சுருக்கென்று இருந்தது. உண்மையும் அதுதான். அன்றிலிருந்து திங்கள், வியாழன் இரண்டு நாளும் வீட்டுப் படியில் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது, பதினைந்து தடவை, மூன்று சுற்று. தாழ்வான முக்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறி இறங்குவது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஈரப் படிக்கட்டும் சரிவுச் சாலையுமாக வாழும் எங்களுக்கு அது இன்னும் சீக்கிரமே வேண்டும்.

சாப்பாடும் இந்த நோட்டில் சேரும். வயதான தசை புரதத்தை இளந்தசை போல உடனே பிடித்துக்கொள்ளாது, அதற்குக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்பது முதியவர்களுக்கான பரிந்துரை. என் எடை 54 கிலோ, ஆக 54 முதல் 65 கிராம். ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி சட்னி, மதியம் சோறு சாம்பார் பொரியல், ராத்திரி இரண்டு தோசை. ஒரு நாளும் நாற்பதைத் தொடவில்லை. இப்போது காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ராத்திரி ஒரு டம்ளர் பால். கூடுதலாக இருபத்தைந்து கிராம் வந்துவிடுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

போட்டியில்லாத வழியின் குறை, தேதி இல்லாததுதான். ஆடி மாதச் சாரலில், காற்று ஓலமிடும் காலையில், போர்வையை விட்டு எழுந்திருக்க வெறும் நோட்டு போதவில்லை. எனக்கு யாராவது ஓர் இடத்தில் காத்திருக்க வேண்டும்.

ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இது. முழு மாரத்தானில் நேரம் என்பது, சமவெளியில் வாழும், காயம் அதிகம் காணாத, மூன்று நாலு மாதம் தடையில்லாமல் ஓட முடிந்த ஆளுக்கு இன்னும் நல்ல இலக்குதான். எங்கள் கூட்டத்தில் 67 வயது அண்ணன் ஒருவர் குளிர் மாதங்களை மதுரையில் மகள் வீட்டில் கழிக்கிறார். அவருக்கு அதைத்தான் சொன்னேன், சதவீதக் கணக்கோடு. முட்டி தேய்ந்தவருக்கு 200 கி.மீ. பிரெவே. என் வீட்டுக்காரர் கார்த்திகைக்கு முன் ஒன்றை முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதயம் சரியென்று டாக்டர் சொன்னவர்களுக்கு வெள்ளகவி ஏற்றம். ஓடி ஓடிக் காயப்பட்டு ஒரு வருஷமும் ஆகாதவர்களுக்கு நோட்டு வழிதான், அவர்கள் வேறெதையும் யோசிக்கவே கூடாது.

எனக்கு நான் எழுதிக்கொண்டது: இந்தத் தைப்பூசம் வேண்டாம், அதற்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது, பாதம் தயாரில்லை. அடுத்த தைப்பூசம். நடுவில், காலம் அனுமதித்தால், இந்தத் தை மாதமே ஒரு வெள்ளகவி ஏற்றம். வருஷம் முழுக்க திங்களும் வியாழனும் பளு. ஓட்டம் வாரத்துக்கு மூன்று நாள், ஏரிச் சுற்று ஐந்து கி.மீ. என்ற கணக்கில் இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல். புரட்டாசியிலிருந்து ஞாயிறு தோறும் நீண்ட நடை, 12இல் தொடங்கி 30 வரை, நாலாவது வாரம் எப்போதும் பாதி. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு. என் வழக்கம் 56. அது 63, 64 என்று நின்றால் அன்று வெறும் நடை.

ஓரகத்தியிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். "அக்கா, ஆனா வெறுங்கால்ல வரணும். செருப்புப் போட்டு நடந்தா அது என்ன யாத்திரை?" என்றாள். அவளுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முள் தைத்ததுகூடத் தெரியாது, சின்னப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் வரை போயிருக்கிறது. என் வெறுங்காலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவளுடையதைப் பற்றித்தான். அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் முருகனுக்கும் டாக்டருக்கும் நடுவில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். முதலில் அவள் ஒட்டன்சத்திரத்தில் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுவாள். உணர்ச்சி சரியாக இருந்தால் அடிவாரம் வரை இருவரும் காலுறையும் ஷூவும். அடிவாரத்தில் கழற்றிவிட்டு 693 படியும் வெறுங்காலில். இறங்குவதற்கு விஞ்ச். வருகிற புதன்கிழமை அவள் பாதத்தைக் காட்டப் போகிறாள். என் ஷூவைவிட அரை அளவு பெரிதாக ஒன்றை எனக்காக அன்றைக்கே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.